தாம்போதியில் மீனுக்கும் வழி விடுவது எப்படி

நான் மேசன் வேலை செய்பவன். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல் வீதிகளுக்குத் தாம்போதி (வெள்ளம் மேலால் வழியக்கூடியதாக ஆற்றின் குறுக்கே போடும் தாழ்ந்த கொங்கிறீட் பாதை), வாய்க்காலுக்கு மதகு, சின்ன அணைக்கட்டு என்று கட்டுவதுதான் என் தொழிலில் பெரும்பங்கு. அப்பா மட்டக்களப்பு வாவியில் வலை போட்டவர். அதனால் ஒரு கொங்கிறீட் தளத்தைக் கண்டால் அதன் மட்டமும் என் கண்ணில் படும், அதன் அடியில் முட்டிக்கொண்டு நிற்கும் மீனும் படும்.

எங்கள் பக்கத்துக் கிராமத் தாம்போதிகளில் பலவற்றை, சில கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) கருங்கல்லும் நல்ல ஒரு சிரமதானமும் இருந்தால், மீன் ஏறிப் போகக்கூடியதாக ஆக்கிவிடலாம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆவணி, புரட்டாசியில் வேலை முடிந்திருக்க வேண்டும். ஐப்பசியில் மழை இறங்கிப் புதுவெள்ளம் வரும் முதல் இரவுகளில்தான் மீன் கூட்டமாக ஏறும். கல் அடுக்க அப்போது யாரும் தண்ணீரில் இறங்க முடியாது.

எந்த மீன் எங்கே போகிறது

இது தெரியாமல் கல் வைத்துப் பயனில்லை. வாவி ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளம். கடலைத் தொடுவது இரண்டு இடத்தில்: பாலமீன்மடுப் பக்கம் முகத்துவாரம், தெற்கே கல்லாறு. மேற்கே இருந்து உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் தண்ணீர் ஆறாகவும் வாய்க்காலாகவும் வயலைக் கடந்து வந்து வாவியில் விழுகிறது. மீனுக்கு இது முழுவதும் ஒரே வீதி.

விலாங்கு பிறப்பது ஆழ்கடலில். ஊடே பார்த்தால் முதுகெலும்பு தெரியும் சிறு குஞ்சாக முகத்துவாரத்தால் உள்ளே வந்து, வாவி தாண்டி, ஆற்றில் ஏறிக் குளம் வரை போகும். அங்கே பல வருடம் வளரும். பிறகு வயிறு வெள்ளியாகி, கண் பெருத்து, இரை எடுப்பதை நிறுத்திவிட்டு, மழை இருட்டில் வெள்ளத்தோடு கடலுக்கு இறங்கும். முட்டையிடுவது வாழ்க்கையில் ஒரு முறைதான், அதோடு செத்துவிடும். ஆகவே விலாங்குக்கு இரண்டு வழி வேண்டும்: குஞ்சு ஏற ஒன்று, முற்றியது இறங்க ஒன்று.

கொடுவா முட்டையிடுவதும் உப்புத் தண்ணீரில்தான், முகத்துவாரத்தை அண்டி. அதன் குஞ்சுகள் நன்னீர்ச் சதுப்புக்கும் வயலோர வாய்க்காலுக்கும் ஏறி வளரும். கொடுவா முதலில் ஆணாக இருந்து, சில வருடம் போய்ப் பெரிதான பிறகு பெண்ணாக மாறுகிற மீன். ஒரு இடத்தில் பெரிய கொடுவாக்களையே தேடிப் பிடித்தால் அள்ளுவது தாய்களை என்று எங்கள் சங்கத்துத் தம்பிமாருக்கு அடிக்கடி சொல்வேன். மணலையும் கடலில் முட்டையிட்டு, குஞ்சில் வாவிக்குள் வந்து, ஆற்று வாய் வரை ஏறுகிற மீன்தான்.

விரால், சுங்கான், பனையேறி, வாளை, கெண்டை வகைகளுக்குக் கடல் தேவையில்லை. கோடையில் குளத்திலும் ஆற்று மடுக்களிலும் ஒதுங்கிக் கிடந்துவிட்டு, மழை வந்ததும் புதிதாகத் தண்ணீர் ஏறிய வயலுக்கும் தாழ்நிலத்துக்கும் போய்ப் பெருகும். புதுத்தண்ணீர் நின்ற மண்ணில் புழுப் பூச்சி நிறைய, பெரிய மீன் குறைவு. குஞ்சு வளர அதைவிட நல்ல இடம் இல்லை. மாசியில் வயல் வற்றும்போது அந்தக் குஞ்சுகள் திரும்பி இறங்க வேண்டும்.

எங்கள் குளங்களில் இன்று வலையில் அதிகம் விழுவது திலாப்பியா. 1952இல் இலங்கைக்கு வந்த மீன். நின்ற தண்ணீரிலேயே குழி தோண்டி முட்டையிட்டு, குஞ்சை வாயில் வைத்துக் காக்கும். அதற்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. குளத்து வீடுகளின் சட்டியை நிரப்புவது அதுதான், அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் திலாப்பியாவை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, மீனுக்கு வழி வேண்டும் என்றால் விளங்குவதில்லை. அவர்களுக்குக் கட்லா, ரோகு, மிரிகாலைக் காட்டுங்கள். சொந்த நாட்டில் இவை வெள்ளத்தோடு ஆற்றில் ஏறி முட்டையிடுகிறவை. இங்கே குளத்தில் நன்றாகக் கொழுக்கும், பெருகாது. அதனால்தான் அம்பாறையில் இங்கினியாகலை போன்ற இடங்களில் ஊசி போட்டு முட்டையிட வைத்துக் குஞ்சாக்கி, திரும்பத் திரும்பக் குளங்களில் விட வேண்டியிருக்கிறது. ஏறும் வழி இல்லாத மீனுக்கு மனிதன் வருடா வருடம் செலவு செய்கிறான்.

உலகம் முழுவதும் இதே கதைதான். கண்காணிப்பில் உள்ள இடம்பெயரும் நன்னீர் மீன்களின் தொகை 1970க்கும் 2020க்கும் இடையில் சராசரியாக 81 வீதம் குறைந்துவிட்டதாக 2024இல் வெளியான கணக்கு சொல்கிறது. அதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று குறுக்கே கட்டிய கட்டுகள்.

கோடையில் ஒரு நடை

ஆடி கடைசியில் ஆறு ஒடுங்கியிருக்கும்போது, வாவிக் கரையில் தொடங்கி மேலே நடவுங்கள். கீழிருந்து மேலே என்பதை விட்டுக்கொடுக்க வேண்டாம். கீழே முதலாவதாக இருக்கும் தடையில் மீன் நின்றுவிட்டால், மேலே நீங்கள் எவ்வளவு அழகாகச் செய்து வைத்தாலும் அங்கே வர மீன் இருக்காது. ஆகவே பணமும் கல்லும் முதலில் கீழ்த் தாம்போதிக்கு.

கையில் ஒரு டேப், தண்ணீர் ஊற்றிய மட்டக்குழாய், கொப்பி இருந்தால் போதும். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையைக் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த வயற்கண்டத்துக்கு எந்த வாய்க்கால், தண்ணீர் மறிக்க எங்கே பலகை போடுவார்கள், போன வெள்ளத்தில் எங்கே உடைத்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். முதலை கிடக்கிற மடுவும் அவருக்குத்தான் தெரியும். எங்கள் பக்கம் யானையும் உண்டு, முதலையும் உண்டு. தனியாகப் போகாதீர்கள், பொழுது பட்ட பிறகு தண்ணீரில் கால் வைக்காதீர்கள்.

ஒவ்வொரு தடையிலும் மூன்றைப் பாருங்கள்.

முதலாவது இறக்கம். தாம்போதித் தளத்தின் அல்லது குழாயின் கீழ் விளிம்புக்கும், அதற்குக் கீழே நிற்கும் தண்ணீரின் மட்டத்துக்கும் எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதுங்கள். கெண்டைக் குஞ்சுக்கும் மணலைக் குஞ்சுக்கும் நான்கு அங்குலத்துக்கு மேல் போனாலே சுவர்தான். பல தாம்போதிகள் கட்டிய அன்று ஆற்றுப் படுக்கையோடு மட்டமாகத்தான் இருந்தன. கீழே மணல் அள்ளி அள்ளிப் படுக்கை தாழ்ந்து, இன்று இரண்டு அடி, மூன்று அடி உயரத்தில் நிற்கின்றன. மேசனாக எனக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு: படுக்கை தாழ்ந்தால் அத்திவாரத்தின் கீழ் தண்ணீர் அரிக்கும், பிறகு தாம்போதியே போய்விடும். கல் போட்டுப் படுக்கையை உயர்த்துவது மீனுக்கும் நல்லது, கட்டுக்கும் நல்லது. அதிகாரிகளிடம் பேசப் போகும்போது இந்த இரண்டாவதை முதலில் சொல்லுங்கள்.

இரண்டாவது ஆழம். தளத்தின் மேல் தண்ணீர் மெல்லிய தாளாக ஓடினால் மீனுக்கு நீந்த இடமில்லை. ஆறு அங்குலமாவது இருக்க வேண்டும்.

மூன்றாவது வேகம். இதை ஆற்றில் ஓட்டம் உள்ள நாளில் பாருங்கள். கரையில் 10 மீட்டர் அளந்து இரண்டு தடி நட்டு, மேல் தடியில் ஒரு இலையைப் போட்டு, கீழ்த் தடிக்கு வர எத்தனை செக்கன் என்று எண்ணுங்கள். 30 செக்கனுக்கு மேல் எடுத்தால் சிறு மீனும் சமாளிக்கும். 20க்குக் குறைந்தால் விரல் நீளக் குஞ்சுகளுக்குக் கஷ்டம், அதுவும் குழாய் நீளமாக இருந்து நடுவில் ஒதுங்கி நிற்க இடமில்லாவிட்டால்.

அனுமதி

வீதி யாருடையது, வாய்க்கால் யாருடையது என்று முதலில் கண்டுபிடியுங்கள். கிராம வீதி என்றால் பிரதேச சபை, பெரிய குளத்து வாய்க்கால் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம், சிறு குளம் என்றால் கமநலம். விவசாய அமைப்பும் மீனவர் சங்கமும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டுக் கொடுங்கள். தனித்தனியாகப் போனால் ஒருவருக்கு எதிராக மற்றவர் வந்ததாக நினைப்பார்கள். எங்கள் கடிதம் ஒன்று ஒரு அலுவலகத்தில் ஒரு மாரி முழுக்க மேசையில் கிடந்தது. அதன் பிறகு நாங்கள் பெரும்போக ஆரம்பக் கூட்டத்திலேயே விடயத்தை எழுப்புகிறோம். எல்லா உத்தியோகத்தரும் விவசாயிகளும் அங்கே ஒன்றாக இருப்பதால் முடிவு அங்கேயே எழுத்தில் வரும்.

விவசாயி கேட்கும் முதல் கேள்வி, கல் போட்டால் வெள்ளம் வயலுக்கு ஏறுமா என்பது. நியாயமான கேள்வி. 2011 தை மாத வெள்ளத்தைக் கண்டவர்கள் அதைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். கல் சரிவின் எந்த இடமும் தாம்போதித் தளத்துக்கு மேல் உயராது என்று கொப்பியில் வரைந்து காட்டுங்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்த்து ஒப்பமிட்ட பிறகே கல்லை இறக்குங்கள்.

கல் சரிவு கட்டுவது

தளத்தின் கீழ் விளிம்பிலிருந்து ஆற்றின் கீழ்ப்பக்கமாகக் கல்லால் ஒரு சரிவு இறக்குகிறோம். கணக்கு இலகு: ஒரு அடி இறக்கத்துக்கு 20 அடி நீளம். இறக்கம் இரண்டு அடி என்றால் 40 அடி சரிவு. இடம் இருந்தால் 30 அடிக்கு ஒரு அடி என்று இன்னும் படுக்க வையுங்கள், சிறு மீனுக்கு அது நல்லது. 20ஐ விடச் செங்குத்தாக வேண்டாம்.

சரிவு வெறும் சரிவாக இருந்தால் தண்ணீர் பிய்த்துக்கொண்டு ஓடும். அதனால் ஆறு அடிக்கு ஒரு வரி வீதம், ஆற்றின் குறுக்கே பெரிய கற்களை வரிசையாக வையுங்கள். இரண்டு அடிக்குக் குறையாத கற்கள், மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் புதைந்து நிற்க வேண்டும். 20க்கு ஒன்று சரிவில் ஆறு அடிக்கு மூன்றரை அங்குலம் இறங்கும். அதாவது ஒவ்வொரு வரியும் மீனுக்கு மூன்றரை அங்குலப் படி. வரிக்கும் வரிக்கும் இடையில் ஒரு அடி ஆழக் குட்டை நிற்கும். ஏறுகிற மீன் அங்கே நின்று மூச்சு வாங்கி அடுத்த வரிக்குப் போகும்.

ஒவ்வொரு வரியிலும் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே எட்டுப் பத்து அங்குல இடைவெளி இரண்டு மூன்று விடுங்கள். மேல்வரியின் இடைவெளிக்கு நேர்கீழே அடுத்த வரியின் இடைவெளி வரக்கூடாது. நேராக வந்தால் தண்ணீர் ஒரே பாய்ச்சலாகப் பிடித்து ஓடும், குட்டை வேலை செய்யாது. சரிவின் நடுப்பகுதி தாழ்ந்து, இரண்டு கரையும் சற்று உயர்ந்து இருக்கட்டும். தண்ணீர் குறைந்த நாளில் எல்லாம் நடுவில் கூடி ஆழமாக ஓடும், வெள்ள நாளில் வேகம் குறைந்த ஓரத்தால் சிறு மீன் ஏறும்.

இரண்டு அடி இறக்கம், ஆறு அடி அகல ஓடை என்றால் ஆப்புப் போன்ற அந்த வடிவத்துக்கு மட்டும் இரண்டரைக் கியூப் வரும். கரைக்கட்டு, அடிக்கட்டு எல்லாம் சேர்த்து நான்கு கியூப் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லை ஆற்றிலிருந்தே பிடுங்க வேண்டாம். அங்கே கிடக்கிற கல்லும் ஏதோ ஒரு மீனுக்கு வீடு.

கற்களை வைத்ததும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுவார்கள். அடுத்த நாள் பார்த்தால் தண்ணீர் முழுவதும் கல்லுக்குள் இறங்கிக் கீழால் ஓடும், மேலே சரிவு காய்ந்து கிடக்கும். கிரவலும் களிமண்ணும் கலந்து இடுக்குகளில் இடித்து நிரப்ப வேண்டும். மேல்மட்டம் ஈரமாகி, தண்ணீர் கல்லின் மேலாக ஓடத் தொடங்கும் வரை நிரப்புங்கள். மேல்வரியை மட்டும் சீமெந்துக் கலவையில் பிடிக்கலாம். மற்ற வரிகளை நான் பூசுவதில்லை. பூசினால் வழவழப்பாகும், பிறகு கல்லை நகர்த்தித் திருத்தவும் முடியாது.

கடைசி வரிக்குக் கீழே, தண்ணீர் விழும் இடத்தில், பெரிய கல்லாகப் பார்த்துத் தாழப் புதையுங்கள். வெள்ளம் சரிவைப் பிடுங்கத் தொடங்குவது எப்போதும் அந்த நுனியிலிருந்துதான்.

இனி முக்கியமான இடம். ஓடை ஒடுங்கியதென்றால் சரிவைக் கரைக்குக் கரை முழு அகலத்துக்கும் போடுங்கள், பிரச்சினை இல்லை. ஆறு அகலமாக இருந்து, பணத்துக்கு ஏற்ப ஒரு ஓரத்தில் மட்டும் ஆறடி அகலத்தில் சரிவு கட்டினால்தான் வேலை பிழையாகிப் போகும். ஏறி வரும் மீன் எதிர்த்து நீந்தி, போகக்கூடிய கடைசி இடம் வரை போய் முட்டும். அந்த இடம் தாம்போதியின் அடி. சரிவின் வாயோ 40 அடி கீழே இருக்கிறது. மீன் அந்த வாயைத் தாண்டி வந்து, தளத்துக்கு அடியில் சுற்றிச் சுற்றி நிற்கும், திரும்பிப் போய் வாயைத் தேடாது. ஆகவே ஓரச் சரிவைப் பாதி வழி கீழே கொண்டுபோய், அங்கே வளைத்து, மறுபடி தாம்போதி அடிக்கே திருப்பி, வாய் அங்கே திறக்கும்படி கட்டுங்கள். தண்ணீர் எந்த ஓரத்தில் ஆழமாக ஓடுகிறதோ, புதுவெள்ளத்தில் எந்த மூலையில் பொடியன்மார் வீச்சு வலை எறிகிறார்களோ, அந்த மூலைதான் சரியான இடம். மீன் எங்கே கூடுகிறது என்று அவர்களுக்கு எந்தப் பொறியியலாளரையும் விட நன்றாகத் தெரியும்.

மேல் முனையும் அப்படித்தான். ஏறி முடித்த மீன் களைத்திருக்கும். வெளியேறும் இடம் தண்ணீர் வேகமாக வழிகிற விளிம்புக்குப் பக்கத்திலேயே இருந்தால் திரும்ப அடித்துக்கொண்டு கீழே வந்துவிடும். சில அடி தள்ளி, ஓரத்தில், தண்ணீர் அசையாத இடத்தில் விடுங்கள்.

லாவோசில் மேக்கொங் ஆற்றோரம் பாக் பெங் என்ற ஈரநிலத்தின் வாயில் வெள்ளக் கதவு ஒன்று மீனை மறித்து நின்றது. அதன் பக்கத்தில் கொங்கிறீட்டில் மீன் படி கட்டியபோது, பல இன மீன்கள் அதில் ஏறி உள்ளே போயின. வயல், வெள்ளம், மீன் என்று எல்லாம் எங்கள் ஊரைப் போன்ற இடம்தான். அங்கே கொங்கிறீட், இங்கே கருங்கல்.

குழாய்கள், கயிறு

தாம்போதிக்கு அடியில் கியூம் குழாய்கள் (வட்டக் கொங்கிறீட் குழாய்கள்) இருந்தால், சரிவின் மேல்வரியைக் குழாயின் அடி விளிம்பிலிருந்து அதன் விட்டத்தில் கால்வாசி உயரத்துக்கு நிறுத்துங்கள். தண்ணீர் பின்னால் தேங்கிக் குழாய்க்குள் ஆழம் கூடும், வேகம் குறையும். புதிதாகப் போடுகிறவர்களுக்கு: சின்னக் குழாய் மூன்றை விடப் பெட்டி மதகு ஒன்று மேல். எது போட்டாலும் அதன் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஆற்றுப் படுக்கைக்குக் கீழே போகட்டும், உள்ளே மணலும் கல்லும் படியும். பலகை அடைத்துக் கட்டும்போதே செய்தால் இதற்கு மேலதிகச் செலவு மிகக் கொஞ்சம்.

கல் சரிவுக்கு இடமோ பணமோ இல்லாத இடத்தில் விலாங்குக் குஞ்சுக்காவது ஒன்று செய்யலாம். அவை ஈரமான கரடுமுரடான மேற்பரப்பைப் பிடித்து இரவில் ஊர்ந்து ஏறக்கூடியவை. முக்கால் அங்குலத் தும்புக் கயிறு இரண்டு மூன்றை மேல்பக்கம் ஒரு முளையில் கட்டி, குழாயின் அடியோடு படுக்க விட்டு, கீழ் விளிம்பால் தொங்கிக் குட்டைத் தண்ணீரைத் தொட விடுங்கள். அடிக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். நியூசிலாந்தில் சிப்பி வளர்ப்புக் கயிறுகளைக் குழாய்களில் இப்படி இழுத்து விட்டு ஆற்று மீன் குஞ்சுகளை ஏற்றுகிறார்கள். தும்பு உக்கும், வருடம் ஒருமுறை மாற்ற வேண்டும். நைலோன் வலையைச் சுருட்டி வைக்கவே வேண்டாம். ஆற்றுவாழை வந்து சிக்கிக் குழாயையே அடைத்துவிடும், மீனும் மாட்டிச் சாகும்.

குளத்து வானில் வலை

மீனவர் சங்கங்களோடு எனக்கு அதிகம் வாக்குவாதம் வருகிற இடம் இது. காசு கொடுத்து வாங்கிவிட்ட கட்லா, ரோகு குஞ்சுகள் குளம் நிரம்பி வான் (மிகைத் தண்ணீர் வழியும் வாய்) பாயும்போது வெளியே போய்விடும் என்று வானுக்குக் குறுக்கே வலை கட்டுகிறார்கள். அவர்களுடைய பயம் உண்மை. ஆனால் அதே வலை கடலுக்கு இறங்கும் விலாங்கையும் மறிக்கிறது, கீழிருந்து முட்டி வரும் கெண்டையையும் மறிக்கிறது.

வலைக்குப் பதில் நாளை மாற்றுங்கள். வான் பாய்ந்து ஓய்ந்த பிறகு, தை கடைசியிலோ மாசியிலோ குஞ்சு விட்டால் மறிக்க வேண்டிய தேவையே வராது. முன்பே விட்டாகிவிட்டது என்றால், வலையைத் தண்ணீருக்கு நேர்குறுக்கே கட்டாமல் சாய்வாகக் கட்டி, ஒரு ஓர மூலையை அடிவரை திறந்து விடுங்கள். விலாங்கு அடியோடு போகிற மீன், அந்த மூலையைக் கண்டுகொள்ளும். மழை பெய்யும் இருட்டு இரவுகளில் வலையை முழுதாகத் தூக்கிவிட முடிந்தால் இன்னும் நல்லது.

வாய்க்கால் அணைகளில் பலகை போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் மழைக் கிழமையில் வயலுக்குத் தண்ணீர் மறிக்கத் தேவையில்லை, வானமே கொடுக்கிறது. அந்த இரவுகளில் பலகையைக் கழற்றி வையுங்கள். பலகை போட்டிருக்கும் மற்ற நாட்களில் தண்ணீர் அதற்கு மேலால் வழியட்டும். அடியால் பீச்சி அடிக்க விட்டால் மெல்லிய குஞ்சுகள் அந்த அழுத்தத்தில் நசுங்கிப் போகும். துருசை, அதாவது குளத்து மதகுக் கதவை, பூட்டும் நாளில் ஒரே திருப்பில் பூட்டாமல் இரண்டு மூன்று நாளில் படிப்படியாக இறக்கினால், வாய்க்காலில் நின்ற மீன் மடுவுக்குப் போய்ச் சேர நேரம் கிடைக்கும். மருந்தடித்த வயல் தண்ணீரை ஒரு கிழமையாவது வரம்புக்குள்ளேயே வைத்திருங்கள்.

முகத்துவாரத்தை மூடி நிற்கும் மணல் திட்டை வெட்டித் திறப்பது எங்கள் கையில் இல்லை. பல திணைக்களம் கூடி எடுக்கும் முடிவு, வெள்ளம் வயலை மூடும்போது அவசரமாகவே எடுக்கப்படும். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு மீனவர் சங்கத்தையும் அழைக்கச் சொல்லிக் கேட்க முடியும். கேளுங்கள்.

புதுவெள்ளத்து இரவுகள்

முதல் மழைக்கு மீன் ஏறும் செய்தி வந்தால் ஊரே கரப்புக் கூடையோடும் அத்தாங்கு வலையோடும் தாம்போதிக்கு வரும். சின்ன வயதில் எனக்கும் அதைவிடப் பெரிய திருவிழா இருந்ததில்லை. அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். கேரளத்தில் இதே ஏற்றத்தை ஊத்த என்பார்கள், அந்த நேரத்தில் பிடிப்பதைச் சட்டமே தடுக்கிறது. எங்களுக்கு ஊர்க் கட்டுப்பாடு போதும் என்று நினைக்கிறேன்: முதல் இரண்டு இரவும் ஒருவரும் பிடிப்பதில்லை. பிறகு ஒரு கரையில் மட்டும், ஆற்றின் பாதி அகலம் எப்போதும் திறந்திருக்க. கல் சரிவுக்குள்ளும் குட்டைகளிலும் கை வைப்பதே இல்லை. தங்கூசி வலை (ஒற்றை நைலோன் இழையில் பின்னியது) எப்படியும் சட்டப்படி தடை. வயிறு பருத்த கெண்டையையும், சிவந்த குஞ்சுக் கூட்டத்துக்குக் கீழே காவல் நிற்கும் விராலையும் விட்டுவிடுவது. கோவில் கூட்டத்திலோ பள்ளிவாசலிலோ முன்கூட்டியே சொல்லி வைத்தால் ஊர் கேட்கும். இரவில் தண்ணீருக்குள் நின்று சண்டை பிடித்தால் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

வேலை செய்கிறதா என்று பார்ப்பது

வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளியத் தொடங்கிய பகலில், சரிவுக்குக் கீழேயும் மேலேயும் ஒரே அளவு நேரம் அத்தாங்கு போட்டுப் பாருங்கள். இனம், விரலால் அளந்த நீளம், எந்தப் பக்கம் என்று கொப்பியில் எழுதிவிட்டு மீனைத் தண்ணீரில் விடுங்கள். கீழே கிடைக்கும் இனங்கள் மேலேயும் கிடைத்தால் சரி. வருடா வருடம் அதே கிழமையில் பார்த்தால் ஒப்பிடலாம். இரவில் கரையில் நின்று டோர்ச் அடித்துப் பார்ப்பதும் உதவும். தளத்துக்கு அடியில் மீன் துள்ளித் துள்ளி விழுந்தால் அவை சரிவின் வாயைக் காணவில்லை.

தை மாதம் ஒருமுறை கல்லைச் சரிபாருங்கள். நுனிக் கல் உருண்டிருக்கும், சில இடைவெளிகள் கிளையும் ஆற்றுவாழையும் சேர்ந்து அடைபட்டிருக்கும். கையால் எடுத்துவிட்டால் போதும். கெண்டை இரண்டு பக்கமும் இருந்து, விரல் நீள மணலைக் குஞ்சு கீழே மட்டும் நின்றால், வரிகளின் இடைவெளியில் வேகம் இன்னும் கூட என்று அர்த்தம். மிக வேகமாக ஓடும் இடைவெளிக்குச் சற்று மேலே, குட்டைக்குள், தலை அளவுக் கல் ஒன்றை வையுங்கள். கீழ்வரியின் இடைவெளியை இரண்டு அங்குலம் ஒடுக்குங்கள், குட்டையின் மட்டம் ஏறிப் படி குறையும். பிறகு மறுபடி அத்தாங்கு போட்டுப் பாருங்கள்.